கணக்காளர் இல்லாத குத்தகைக்காரர்களுக்கு வருமான வரி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் செம்பனைக் குலை வெட்டு, புல் வெட்டு, மருந்தடிப்பு, லோரி ஓட்டம் என்று குத்தகை எடுத்துப் பிழைப்பவர்கள் பலர். டவுனில் வயரிங், பைப், கிரில், கூரை வேலை செய்பவர்களும் உண்டு. இவர்களில் பெரும்பாலோருக்குக் கணக்காளர் கிடையாது. தோட்ட ஆபீசில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்தவன் என்பதால், மார்ச் பிறந்தால் பாரம் நிரப்ப என்னிடம் வருவார்கள். நான் கணக்காளரும் அல்ல, வரி முகவரும் அல்ல. பாரத்தையும் அதன் விளக்கக் குறிப்பையும் பொறுமையாகப் படிக்கிறவன். வருகிறவர்கள் கேட்கும் கேள்விகளைக் கீழே தொகுத்திருக்கிறேன்.

அண்ணே, வரிச் சட்டம் வருடா வருடம் மாறுகிறது. வேலையைப் பார்ப்பதா, இதைப் பின்தொடர்வதா?

எல்லாவற்றையும் பின்தொடர வேண்டியதில்லை. மாற்றங்களில் இரண்டு வகை உண்டு. ஒன்று, கணக்குப் போடும்போது மட்டும் தேவைப்படுவது. வரி விகிதம் இந்த வகை. 2023 மதிப்பீட்டு ஆண்டில் (அதாவது அந்த ஆண்டில் சம்பாதித்ததற்கான வரிக் கணக்கில்) 35,000 ரிங்கிட்டிலிருந்து 100,000 ரிங்கிட் வரையிலான படிகளில் விகிதம் 2 விழுக்காட்டுப் புள்ளி குறைந்தது. அது தெரியாமலே இருந்தாலும் உங்களுக்கு நட்டமில்லை. வருமான வரி வாரியத்தின் மைடேக்ஸ் இணையத் தளத்தில் வருமானத்தையும் செலவையும் சரியாகப் போட்டால், அந்த ஆண்டுக்குரிய விகிதத்தை அதுவே போட்டுக் கணக்கிட்டுவிடும்.

இன்னொரு வகைதான் கவனிக்க வேண்டியது. ஆண்டு நடக்கும்போதே நீங்கள் ஏதாவது செய்தாக வேண்டும் என்று சொல்லும் மாற்றங்கள்: ரசீது எடுத்து வைக்க வேண்டிய புதிய கழிவு (வரி போடும் முன் வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளும் தொகை), ஒரு தொகையைத் தாண்டினால் பதிய வேண்டிய கட்டாயம், தொழிலாளிக்குக் கட்ட வேண்டிய புதிய சந்தா. இவற்றை அடுத்த ஆண்டு ஜூனில் தெரிந்துகொண்டால் பயனில்லை, ஏனென்றால் ஆண்டு முடிந்துவிட்டது. உதாரணத்துக்கு, கல்வி, மருத்துவக் காப்புறுதிக்கான கழிவு 2025 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து 3,000 ரிங்கிட்டிலிருந்து 4,000 ஆனது. முதல் வீடு வாங்குகிறவருக்குக் கடன் வட்டிக் கழிவும் அதே ஆண்டில் வந்தது. 500,000 ரிங்கிட் வரையிலான வீடு என்றால் ஆண்டுக்கு 7,000 வரை, 2025 தொடங்கி 2027 முடிவதற்குள் ஒப்பந்தம் போட்டிருக்க வேண்டும். வீடு வாங்கப் போகிறவருக்கு இது கையெழுத்துப் போடும் முன்பே தெரிய வேண்டிய விஷயம்.

இந்த இரண்டாம் வகை ஆண்டுக்கு நாலைந்துக்கு மேல் நம்மைத் தொடாது. அவற்றைப் பிடிக்க ஒரு நாளிதழும் ஒரு நோட்டுப் புத்தகமும் போதும்.

எந்த மாதத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

அக்டோபரில் வரவு செலவுத் திட்டம் தாக்கலாகும். பிறகு நிதி மசோதா நாடாளுமன்றத்துக்குப் போய், வழக்கமாக ஆண்டு முடிவதற்குள் நிறைவேறும். மார்ச் 1-ல் இ-ஃபைலிங் திறக்கும். சம்பளம் மட்டும் வாங்குகிறவருக்கு ஏப்ரல் 30, தொழில் வருமானம் உள்ளவருக்கு ஜூன் 30. இணையம் வழி அனுப்பினால் 15 நாள் கூடுதலாகத் தருவது வழக்கம். அதை நம்பி ஜூலையில் உட்காராதீர்கள், தளம் நெரிசலாக இருக்கும்.

இதில் பலரும் குழம்புவது ஆண்டுக் கணக்கில்தான். 2024 அக்டோபர் 18-ல் தாக்கலான திட்டத்தில் வந்த கழிவுகள் பெரும்பாலும் 2025 மதிப்பீட்டு ஆண்டுக்கானவை. 2025-ல் சம்பாதித்ததற்கான பாரத்தை நாம் ஒப்படைப்பது 2026 ஜூனில். செய்தி காதில் விழுவதற்கும் பாரத்தில் எழுதுவதற்கும் இருபது மாத இடைவெளி. நடுவில் இன்னொரு அக்டோபர் வந்து இன்னொரு திட்டமும் வந்துவிடும். அதனால்தான் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டு, “போன வருடமே சொன்னார்களே, ஏன் பாரத்தில் இல்லை?” என்று கேட்கிறார்கள்.

எந்த மாற்றத்தைக் கேட்டாலும் முதலில் “எந்த மதிப்பீட்டு ஆண்டுக்கு?” என்று கேளுங்கள். பதில் கிடைக்கவில்லை என்றால் அந்தச் செய்தியை இன்னும் முழுதாகக் கேட்கவில்லை என்று அர்த்தம். நோட்டுப் புத்தகத்தில் ஆண்டுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, அந்தந்த ஆண்டுக்குரியதை அந்தந்தப் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

பிரதமர் நாடாளுமன்றத்தில் அறிவித்துவிட்டால் அது சட்டம்தானே?

இல்லை. அது முன்மொழிவு. இதற்குச் சரியான சாட்சி 2023-க்கான திட்டம். 2022 அக்டோபர் 7-ல் ஒரு திட்டம் தாக்கலானது. 50,000 முதல் 100,000 ரிங்கிட் வரையிலான படிகளில் வரியைக் குறைப்பதாகச் சொன்னது. மூன்றே நாளில் நாடாளுமன்றம் கலைந்தது. நவம்பர் 19-ல் பொதுத் தேர்தல் நடந்து, புதிய அரசாங்கம் 2023 பிப்ரவரி 24-ல் வேறொரு திட்டத்தைத் தாக்கல் செய்தது. அதில் குறைப்பு 35,000 ரிங்கிட்டிலிருந்தே தொடங்கியது. 100,000-க்கு மேற்பட்ட படிகளில் வரி ஏறியது. அக்டோபர் நாளிதழை வெட்டி ஒட்டி வைத்தவர்களிடம் இருந்தது செல்லாத அட்டவணை.

ஆகவே அக்டோபரில் பென்சிலால் எழுதுங்கள். சட்டமான பிறகு பேனா.

சரி, நம்பகமாக எங்கே பார்ப்பது? எனக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது.

மலாய் படிக்கத் தெரிந்தால் போதும். நிதியமைச்சு வரவு செலவுத் திட்டத்தோடு வரி நடவடிக்கைகளுக்கென்று ஒரு பின்னிணைப்பு வெளியிடுகிறது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் இப்போதைய நிலை, முன்மொழிவு, எப்போதிலிருந்து அமல் என்று தனித்தனியாகப் போட்டிருப்பார்கள். முழு உரையையும் படிக்க வேண்டாம். ‘குவாட் குவாசா’ (எப்போதிலிருந்து அமல்) என்று இருக்கும் வரியை மட்டும் ஒவ்வொன்றிலும் பாருங்கள். நமக்குச் சம்பந்தமில்லாதவை அப்படியே கழிந்துபோகும்.

அப்புறம், எல்.எச்.டி.என். எனும் வருமான வரி வாரியம் ஒவ்வோர் ஆண்டுக்கும் தொழில் வருமானம் உள்ளவருக்கான பி பாரத்தையும் அதன் விளக்கக் குறிப்பையும் தன் தளத்தில் போடுகிறது. என்னைக் கேட்டால் கணக்காளர் இல்லாதவருக்கு இதைவிட நல்ல துணை கிடையாது. அந்த ஆண்டுக்கு எது செல்லும், எவ்வளவு வரை, என்ன சான்று வேண்டும் என்று எண் போட்டு எழுதியிருக்கும். போன ஆண்டுக் குறிப்பையும் இந்த ஆண்டுக் குறிப்பையும் பக்கத்தில் வைத்துக் கழிவுப் பட்டியலை மட்டும் ஒப்பிட்டால், மாறியது தானாகக் கண்ணில் படும்.

மின்னல் எஃப்.எம்., மக்கள் ஓசை, மலேசிய நண்பன் போன்றவற்றில் வருவதைத் தகவலாக எடுத்துக்கொண்டு குறிப்பில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். சந்தேகம் இருந்தால் வாரியத்தின் 03-8911 1000 எண்ணில் கூப்பிடலாம். நேரில் போக வேண்டுமானால் நமக்கு ஈப்போ கிளை.

“டூயிட்நவ் (போன் வழிப் பணப் பரிமாற்றம்) வழியாகப் பணம் வந்தால் வரி” என்று வாட்சாப்பில் வருகிறதே?

பணம் எந்த வழியில் வந்தது என்பதற்கு வரி இல்லை. சம்பாதித்த வருமானத்துக்குத்தான் வரி. புல் வெட்டிய கூலி காசாக வந்தாலும், செக்காக வந்தாலும், போனுக்கு வந்தாலும் வருமானம்தான். மச்சான் திருப்பிக் கொடுத்த கைமாற்று எந்த வழியில் வந்தாலும் வருமானம் அல்ல.

இதோடு இன்னொரு எச்சரிக்கை. வரித் திருப்பணம் காத்திருக்கிறது என்று லிங்க் அனுப்புவதும், வரி பாக்கி என்று மிரட்டிப் பணம் கேட்பதும் மோசடிக்காரர்களின் வழக்கம். லிங்க்கைத் தொடாமல், நீங்களே மைடேக்ஸ் தளத்தைத் திறந்து உள்ளே பாருங்கள். பாக்கி, திருப்பணம் இரண்டும் அங்கே தெரியும். பணம் போய்விட்டால் உடனே மோசடிப் புகாருக்கான 997 எண்ணுக்குக் கூப்பிட வேண்டும்.

நான் பகலில் மில்லில் சம்பளத்துக்கு வேலை, வார இறுதியில் வயரிங். எந்தப் பாரம்?

பி பாரம். சொந்தத் தொழில் வருமானம் கொஞ்சம் இருந்தாலும், சம்பளம் மட்டும் வாங்குகிறவருக்கான பி.இ. பாரம் போடக் கூடாது. மில் கொடுக்கும் இ.ஏ. பாரத்திலுள்ள (ஆண்டுச் சம்பளச் சான்று) சம்பளத்தையும், வயரிங் வருமானத்தையும் ஒரே பி பாரத்தில் சேர்த்துக் காட்ட வேண்டும். வயரிங்கில் நட்டம் என்றால் அந்த ஆண்டுச் சம்பள வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். மீதி நட்டத்தைப் பின்வரும் 10 ஆண்டு வரை தொழில் வருமானத்தில் கழிக்கலாம். நட்டம்தானே என்று பாரம் போடாமல் விட்டவர்கள் இந்த வாய்ப்பையும் சேர்த்து இழக்கிறார்கள்.

தொழிலை எஸ்.எஸ்.எம். எனும் நிறுவனங்கள் ஆணையத்தில் பதிந்துகொள்ளுங்கள். சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 ரிங்கிட், வேறு வணிகப் பெயர் என்றால் 60.

தோட்டத்துச் செக் 6,200 ரிங்கிட். அதைத்தானே வருமானமாக எழுத வேண்டும்?

இந்தக் கேள்விக்கு நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும். பாதிப் பேரின் கணக்கு கோணுவது இந்த இடத்தில்தான்.

தோட்ட ஆபீஸ் செக்கோடு ஒரு தாள் தரும். அதில் மேலே செய்த வேலைக்கான முழுத் தொகை: இத்தனை ஹெக்டர், ஹெக்டருக்கு இவ்வளவு, மொத்தம் 9,000 என்று வைத்துக்கொள்வோம். அதற்குக் கீழே பிடித்தம்: ஸ்டோரிலிருந்து எடுத்த டீசல் 1,300, மாத நடுவில் வாங்கிய அட்வான்ஸ் 1,500. மிச்சம் 6,200-க்குச் செக்.

வருமானம் 9,000. டீசல் 1,300 உங்கள் செலவு. அதைச் செலவுப் பகுதியில் எழுதுங்கள். அட்வான்ஸ் 1,500 செலவே இல்லை, உங்கள் கூலியை முன்கூட்டி வாங்கியது. செக் தொகையை மட்டும் எழுதினால் வருமானத்தில் 2,800 குறைந்துபோகும். தோட்ட நிறுவனம் தன் கணக்கில் உங்கள் பெயருக்கு 9,000 காட்டியிருக்கும். வாரியம் இரண்டையும் ஒப்பிட்டால் நீங்கள் மறைத்ததாகத்தான் தெரியும். சிலர் இதற்கு நேர்மாறாக, செக் தொகையை வருமானமாகப் போட்டுவிட்டு டீசலை மறுபடியும் செலவில் போடுகிறார்கள். அது ஒரே செலவை இரண்டு முறை கழிப்பது.

ஆகவே செக்கைவிட அந்தத் தாள் முக்கியம். அதைத் தேதி வரிசையில் ஒரு ஃபைலில் கோத்து வையுங்கள். தொலைத்துவிட்டால் வெட்கப்படாமல் ஆபீஸ் கிராணியிடம் நகல் கேளுங்கள்.

எதெல்லாம் செலவு? மெஷின், லோரி, ஹைலக்ஸ் எல்லாம் கழியுமா?

வருமானம் ஈட்டுவதற்காகவே செய்த செலவு கழியும்: தொழிலாளி கூலி, அவர்களுக்கு நீங்கள் கட்டும் இ.பி.எஃப். (சேமநிதி), சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு), பெட்ரோல், பிளேடு, நைலான் கயிறு, மருந்து, ரிப்பேர். வீட்டு மளிகை, பிள்ளை டியூஷன், போலீஸ் சம்மன், உங்களுக்கு நீங்களே எடுத்துக்கொள்ளும் ‘சம்பளம்’ கழியாது. போன் பில்லும் பெட்ரோலும் வீட்டுக்கும் வேலைக்கும் கலந்தவை என்றால் நியாயமான பங்கைப் போடுங்கள். எப்படிப் பிரித்தீர்கள் என்று எழுதியும் வையுங்கள்.

மெஷின் வாங்குவது வேறு கணக்கு. ஆண்டுக்கணக்கில் உழைக்கும் பொருளை ஒரே ஆண்டில் செலவாக எழுத முடியாது. மூலதனக் கழிவு என்ற பெயரில் படிப்படியாகக் கழியும். ஆனால் ஒரு பொருளின் விலை 2,000 ரிங்கிட்டைத் தாண்டவில்லை என்றால் வாங்கிய ஆண்டிலேயே முழுவதும் கழித்துக்கொள்ளலாம். முன்பு இந்த வரம்பு குறைவாக இருந்தது. 2020 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து 2,000. நம் ஆட்கள் தோளில் மாட்டும் புல் வெட்டும் மெஷின், மரம் அறுக்கும் ரம்பம், டிரில் எல்லாம் பெரும்பாலும் இதற்குள் வந்துவிடும். இப்படிக் கழிப்பதற்கு ஆண்டுக்கு மொத்தம் 20,000 வரை வரம்பு உண்டு.

வாகனத்துக்கு முதல் ஆண்டில் 20 விழுக்காடு தொடக்கக் கழிவு, அதோடு ஆண்டுதோறும் 20 விழுக்காடு. சரக்கு ஏற்ற உரிமம் பெற்ற லோரிக்கு முழு விலையிலும் இது உண்டு. தனியார் வாகனமாகப் பதிந்ததற்கு வரம்பு 50,000 ரிங்கிட். புத்தம் புதிதாகவும் விலை 150,000-க்கு மேற்போகாமலும் இருந்தால் 100,000. தவணையில் வாங்கியிருந்தால், மாதத் தவணை முழுவதையும் செலவாக எழுதக் கூடாது. அசலாகக் கட்டிய பகுதிக்கு மூலதனக் கழிவு, வட்டி மட்டும் செலவு. பேங்கில் கேட்டால் இரண்டையும் பிரித்த அட்டவணை தருவார்கள்.

கோயிலுக்குக் கொடுத்தது கழியுமா என்று தைப்பூசம் முடிந்ததும் கேட்பார்கள். வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவின் கீழ் அங்கீகாரம் பெற்ற அமைப்பு என்றால்தான் கழியும். ரசீதிலேயே அது அச்சாகியிருக்கும். இல்லையென்றால் அது புண்ணியக் கணக்கில் மட்டும்.

ரசீதையெல்லாம் எத்தனை நாள் வைத்திருப்பது? எழுத்தே அழிந்துபோகிறதே.

7 ஆண்டு. பெட்ரோல் பங்க் ரசீது, ஹார்ட்வேர் கடை ரசீது எல்லாம் சூட்டில் அச்சாகும் தாள். லோரி டேஷ்போர்டில் வெயிலில் கிடந்தால் சில மாதத்தில் வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். வாங்கிய அன்றைக்கே போனில் படம் எடுத்து, அந்தந்த மாதத்துக்கான ஃபோல்டரில் போடுங்கள். படம் எடுத்தாயிற்று என்று தாளை வீசக் கூடாது. காகிதத்தில் இருந்த ஆவணத்தைப் படமாக மாற்றினாலும் அசலை வைத்திருக்க வேண்டும் என்பதுதான் சட்டம். பிஸ்கட் டின்னில் மாதத்துக்கு ஓர் உறை போதும்.

கூலி கொடுத்ததற்கும் சான்று வேண்டும். பெயர், ஐ.சி. (அடையாள அட்டை) அல்லது பாஸ்போர்ட் எண், எந்த மாதம், எவ்வளவு, கையெழுத்து என்று ஒரு வவுச்சர் புத்தகம். முடிந்தவரை பேங்க் வழியாகக் கொடுங்கள்.

இவ்வளவு சிரமப்பட்டு என்ன மிச்சமாகும்?

ஒரு மாதிரிக் கணக்கு போட்டுக் காட்டுகிறேன். இரண்டு தொழிலாளிகளை வைத்துப் புல் வெட்டுக் குத்தகை எடுப்பவர். மனைவிக்கு வருமானமில்லை, பள்ளி போகும் இரண்டு பிள்ளைகள்.

ஆண்டு வருமானம் 108,000 ரிங்கிட். இருவருக்கும் மாதம் 1,700 வீதம் கூலி 40,800. அவர்களுக்கான இ.பி.எஃப்., சொக்சோ 6,100. பெட்ரோல், எண்ணெய் 6,400. பிளேடு, ரிப்பேர் 1,700. செலவு மொத்தம் 55,000; மிச்சம் 53,000. தலா 1,500-க்கு இரண்டு புது மெஷின் வாங்கினார். 3,000 போனால் 50,000. அடுத்து தனிநபர் கழிவுகள்: தனக்கு 9,000, மனைவிக்கு 4,000, பிள்ளைக்கு 2,000 வீதம் 4,000, தானாக இ.பி.எஃப்.பில் போட்டது 3,000. ஆக 20,000. வரிக்குரிய வருமானம் 30,000.

முதல் 20,000-க்கு வரி 150, அடுத்த 10,000-க்கு 3 விழுக்காடு வீதம் 300. மொத்தம் 450. வரிக்குரிய வருமானம் 35,000-ஐத் தாண்டாததால் தனக்கு 400, மனைவிக்கு 400 என்று தள்ளுபடி. கட்ட வேண்டியது ஒன்றுமில்லை.

இதே மனிதர் செலவுக்குச் சான்று எதையும் காட்ட முடியவில்லை என்று வையுங்கள். 108,000-இல் 20,000 போக 88,000. வரி 7,120 ரிங்கிட். உழைப்பும் ஒன்று, வருமானமும் ஒன்று; பிஸ்கட் டின் மட்டும்தான் இல்லை. எந்த வரவு செலவுத் திட்டமும் நம்மைப் போன்றவருக்கு ஒரே ஆண்டில் இவ்வளவு பெரிய மாற்றத்தைக் கொண்டுவருவதில்லை. மாற்றத்தைக் கண்டு பயப்படுவதில் பாதியையாவது ரசீதில் காட்டச் சொல்வது இதனால்தான்.

சி.பி.500 என்று கடிதம் வந்திருக்கிறது. அபராதமா?

அபராதம் இல்லை. சம்பளக்காரருக்கு மாதா மாதம் வரி பிடிப்பதுபோல், தொழில் செய்பவருக்குத் தவணை. முந்தைய வரியை வைத்து வாரியம் ஒரு தொகையை மதிப்பிட்டு ஆறாகப் பிரிக்கும்: மார்ச், மே, ஜூலை, செப்டம்பர், நவம்பர், அடுத்த ஜனவரி. ஒவ்வொரு தவணைக்கும் 30 நாள் அவகாசம்; தவறினால் அந்தத் தவணையில் 10 விழுக்காடு கூடும்.

இந்த ஆண்டு ஒரு தோட்டத்துக் குத்தகை கைவிட்டுப் போய்விட்டது, அவ்வளவு வருமானம் வராது என்றால் சும்மா இருக்க வேண்டாம். சி.பி.502 பாரம் வழியாக ஜூன் 30-க்குள் குறைத்துக் கேட்கலாம். ஆனால் ஆசைக்குக் குறைக்காதீர்கள். கடைசியில் வரும் உண்மையான வரி நீங்கள் சொன்ன தொகையைவிடக் கூடி, அந்த வித்தியாசம் உண்மையான வரியில் 30 விழுக்காட்டைத் தாண்டினால், தாண்டிய மிகுதிக்கு 10 விழுக்காடு அபராதம்.

இ-இன்வாய்ஸ், அதாவது வாரியத்தின் தளம் வழியாகப் போடும் மின்னியல் பில், எனக்கும் உண்டா?

ஆண்டு விற்பனை 1 மில்லியன் ரிங்கிட்டை எட்டாதவருக்கு விலக்கு. இதில் கவனிக்க வேண்டியது விற்பனை என்ற சொல். லாபம் அல்ல, செலவும் பிடித்தமும் போவதற்கு முந்தைய மொத்தத் தொகை. கூலிக்கே பெரும்பகுதி போய்விடும் குலை வெட்டுக் குத்தகைக்காரருக்கு லாபம் சிறிதாகவும் விற்பனை பெரிதாகவும் இருக்கும்.

2024 ஆகஸ்டு 1-ல் 100 மில்லியனுக்கு மேற்பட்ட நிறுவனங்களோடு இத்திட்டம் தொடங்கியது. முதலில் விலக்கு வரம்பு 150,000 என்றார்கள். பிறகு 500,000 ஆனது. 2025 டிசம்பரில் 1 மில்லியன் என்று அறிவித்து, 2026 தொடக்கத்திலிருந்து அமல். 150,000 என்று கேட்டதுமே கம்ப்யூட்டரும் சாஃப்ட்வேரும் வாங்கப் புறப்பட்டவர்கள் இருக்கிறார்கள். உங்கள் அளவுக்கான தேதி நெருங்கும்வரை காசை இறக்காதீர்கள். வாரியத்தின் மைஇன்வாய்ஸ் தளம் இலவசம் என்பதும் நினைவிருக்கட்டும்.

விலக்கு உள்ளவர் வழக்கமான இன்வாய்ஸ் கொடுத்தால் போதும். ஆனாலும் பெரிய தோட்ட நிறுவனம் உங்கள் வரி எண், ஐ.சி. எண், எஸ்.எஸ்.எம். எண் கேட்கலாம், அவர்கள் பதிவுக்காகத்தான். வரி எண் மைடேக்ஸ் தளத்தில் உள்ளே போனதும் தெரியும், தனிநபருக்கு ‘ஐ.ஜி.’ என்று தொடங்கும்.

எஸ்.எஸ்.டி. எனும் விற்பனை, சேவை வரி?

2018 செப்டம்பரில் ஜி.எஸ்.டி.க்குப் பதிலாக மீண்டும் வந்தது இது. 2025 ஜூலை 1-லிருந்து கட்டுமான வேலைக்கும் 6 விழுக்காடு சேவை வரி உண்டு; ஆனால் 12 மாதத்தில் 1.5 மில்லியனைத் தாண்டுகிறவருக்குத்தான் பதிவு கட்டாயம், குடியிருப்பு வீடு கட்டுவதற்கு விலக்கு. வீட்டுக் கூரையும் கிரில்லும் போடுகிறவர் இதற்காகத் தூக்கம் கெட வேண்டாம். இது சுங்கத் துறையின் பொறுப்பு, வருமான வரி வாரியத்தினுடையது அல்ல.

தொழிலாளி வைத்திருக்கிறேன். அதில் என்ன மாறியது?

குறைந்தபட்ச சம்பளம் 1,700 ரிங்கிட். 5 பேருக்குக் குறைவாக வைத்திருப்பவருக்கும் 2025 ஆகஸ்டு 1-லிருந்து இது பொருந்தும். வெளிநாட்டுத் தொழிலாளிக்கு 2025 அக்டோபர் சம்பளத்திலிருந்து இ.பி.எஃப். கட்டாயம்: முதலாளி 2, தொழிலாளி 2 விழுக்காடு. குத்தகை விலை பேசும்போதே இதைச் சேர்த்துப் பேசுங்கள்; கையெழுத்துப் போட்ட பிறகு தோட்டம் கூட்டித் தராது.

எனக்கு இ.பி.எஃப்., சொக்சோ யார் கட்டுவார்?

நீங்கள்தான். சுயதொழில் செய்பவருக்கான ஐ-சாரான் திட்டத்தில் பதிந்து இ.பி.எஃப்.பில் போட்டால், போட்டதில் 20 விழுக்காட்டை, ஆண்டுக்கு 500 ரிங்கிட் வரை, அரசாங்கம் சேர்க்கிறது. 2,500 போட்டால் அந்த 500 முழுதாகக் கிடைக்கும். போட்ட பணத்துக்கு வரிக் கழிவும் உண்டு; அந்தப் பிரிவில் வரம்பு 4,000. நம் குத்தகைக்காரர்களில் இதைப் பயன்படுத்துகிறவர்கள் குறைவு என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். பெர்கேசோவின் (சொக்சோவின் மலாய்ப் பெயர்) சுயதொழிலர் திட்டத்தில் ஆண்டுக்கு 157 ரிங்கிட் 20 சென்னிலிருந்து சந்தா தொடங்குகிறது. குலை வெட்டும் அரிவாளோடும் கூரை மேலும் வேலை செய்கிறவருக்கு இது இல்லாமல் இருப்பது சரியில்லை.

டவுனில் ஒருவர் 100 ரிங்கிட் வாங்கிக்கொண்டு பாரம் போட்டுத் திருப்பணமும் எடுத்துத் தருகிறாராமே?

உதவிக்கு ஆள் வைப்பது தவறில்லை. ஆனால் மைடேக்ஸ் கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டு, என்ன எழுதினார் என்று பார்க்காமல் வருவது ஆபத்து. வாங்காத புத்தகம், செய்யாத வைத்தியம் என்று கழிவைப் பெருக்கித் திருப்பணம் வர வைப்பது எளிது. சில ஆண்டு கழித்துத் தணிக்கைக் கடிதம் வரும்போது அதில் அவர் பெயர் இருக்காது, உங்கள் பெயர்தான் இருக்கும். தவறான பாரத்துக்குக் குறைந்த வரி அளவுக்கே அபராதம் போடச் சட்டத்தில் இடமுண்டு. பணம் வாங்கி வரி வேலை பார்க்கிறவர் உரிமம் பெற்ற வரி முகவராக இருக்க வேண்டும். உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

அனுப்பிய பாரத்தில் வருமானம் விட்டுப்போனது, கழிவு கூடிப்போனது தெரிந்தால், கடைசித் தேதியிலிருந்து 6 மாதத்துக்குள் ஒரு முறை நீங்களே திருத்தலாம்.

நான் பல வருடமாகப் பாரமே போடவில்லை தம்பி. இப்போது போனால் பிடித்துக்கொள்வார்களா?

ஐயா, போகாமல் இருப்பதுதான் ஆபத்து. பாரம் போடாததற்கு 200 முதல் 20,000 ரிங்கிட் வரை அபராதம், 6 மாதம் வரை சிறை அல்லது இரண்டுமே என்கிறது சட்டம். வரி பாக்கி வைத்திருப்பவரை நாட்டை விட்டு வெளியே போகவிடாமல் தடுக்கவும் வாரியத்துக்கு அதிகாரம் உண்டு. சபரிமலைக்கோ பழனிக்கோ டிக்கெட் எடுத்துவிட்டு விமான நிலையத்தில் இதைத் தெரிந்துகொள்வது கொடுமை. 2023 ஜூன் 6 முதல் 2024 மே 31 வரை அபராதமே இல்லாமல் தானாக முன்வந்து கணக்குக் காட்டும் சிறப்புத் திட்டம் இருந்தது, அது முடிந்துவிட்டது. இப்போதும், அவர்கள் கண்டுபிடிப்பதற்கு முன் தானாக வருகிறவருக்கு அபராதம் குறைவு.

பேங்க் புத்தகத்தையும் தோட்டத்து வேலைத் தாள்களையும் எடுத்துக்கொண்டு ஈப்போ கிளைக்குப் போங்கள். மேலே உள்ள மாதிரிக் கணக்கைப் பாருங்கள். உங்கள் வருமானத்துக்குப் பல ஆண்டுகளில் வரியே வராமலும் இருக்கலாம். வந்தாலும் தவணையில் கட்டக் கேட்கலாம்.

அப்படியென்றால் கணக்காளரே வேண்டாமா?

சொந்தப் பெயரில், ஒரே தொழில், இரண்டு மூன்று தொழிலாளி என்ற அளவில் வேண்டாம். தணிக்கை செய்த கணக்கைச் சட்டம் இவர்களிடம் கேட்பதும் இல்லை. செண்டிரியான் பெர்ஹாட் (தனியார் வரையறுக்கப்பட்ட) நிறுவனமாக மாறும்போதும், விற்பனை 1 மில்லியனை நெருங்கும்போதும், பங்காளி சேரும்போதும், தணிக்கைக் கடிதம் வந்தபோதும் கட்டாயம் ஒருவரைப் பாருங்கள். அவருக்குக் கொடுக்கும் கட்டணத்தில் பெரும்பகுதி, கலைந்து கிடக்கும் ரசீதை அடுக்கும் நேரத்துக்கே போகும். உறை உறையாக அடுக்கிக் கொண்டுபோனால் கட்டணத்தைப் பேசிக் குறைக்கலாம்.